இல்லாத குழாய்

"இன்னொண்ணு இருக்கு கார்லா. திறக்கட்டா?"

"திற, திற! சீக்கிரம் முடிச்சுத் தொலை, கை விறைச்சுப் போச்சு." பதிலுக்குக் கத்திவிட்டு, மருந்துக் கேனில் சொருகிய ரப்பர் டியூபைப் பிடித்தபடி குந்தியிருந்த கார்லாவுக்கு, பம்பு மறுபடி உறுமத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. கேரவனில் இருப்பதே ஐந்து குழாய். ஐந்தும் முடிந்துவிட்டதே!

வருஷா வருஷம் மினசோட்டாவின் அந்த ஏரிக்கரை முகாமில் கேரவனைக் குளிர்காலத்துக்குப் பூட்டிவைப்பது, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்கிற வேலை. தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத ரோஸ் மருந்தைக் குழாய்களுக்குள் ஏற்ற வேண்டும். ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே தங்கினாலும் போச்சு, உறைந்து உப்பிக் குழாயைப் பிளந்துவிடும். கார்லா வெளியே, கதவுக்கு எதிர்ப்பக்கம், பாட்டரிப் பம்பின் அருகில். லைல் உள்ளே. ஒவ்வொரு குழாயாகத் திறந்து, நிறம் மாறியதும் "ரோஸ் வந்துடுச்சு!" என்று கூவி மூடுவான். அவள் "அடுத்தது!" என்பாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே வேண்டாம், குரல் போதும்.

ஏரிமேல் வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கேரவன்களெல்லாம் போர்வை போர்த்திக்கொண்டு நின்றன. அழுகிய இலை வாசனையும் எங்கேயோ விறகு புகைகிற வாசனையும் காற்றில் மாறி மாறி வந்தன. இன்றைக்கு ராத்திரி கெட்டியாக உறையும் என்று ரேடியோவில் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பின்கட்டிலில் ஐந்து வயது மகள் ஹெட்டி காய்ச்சலோடு தூங்குகிறாள். அவள் எழுந்து சிணுங்குவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

பம்பின் சத்தம் சரியில்லை. தொட்டியில் விழுகிற சத்தம் கேட்கவில்லை. யாரோ அண்ணாந்து குடிப்பதுபோல மடக், மடக் என்று இருந்தது. கேனில் மருந்து விறுவிறுவென்று இறங்கியது.

"லைல்! எதைய்யா திறந்து வெச்சிருக்கே? கேனே காலியாகப் போகுது!"



"இன்னும் ரோஸ் வரல," என்றது லைலின் குரல். "இது கொஞ்சம் ஆழம்."

பின்னால் சரளைக்கல் நறநறத்தது. திரும்பினாள். பாதையில் லைல் வந்துகொண்டிருந்தான், கைக்கொரு மருந்துக் கேனோடு, மூக்கு சிவக்க.

"முகாம் வாசல்ல, ஆர்டெல் கொட்டகையில ரெண்டு கிடைச்சுது. கிழவன் விட்டாத்தானே! காப்பி குடி, கேக் தின்னுன்னு ஒரே உபசாரம்... என்ன, பேயறைஞ்ச மாதிரி பாக்கறே?"

"நீ எப்ப போனே?"

"முதல் குழாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே. சொல்லிட்டுத்தானே போனேன்? 'சரி, போயிட்டு வா'ன்னு நீதானே சொன்னே?"

அவள் சொல்லவில்லை.

"ஹெட்டி!"

வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளே எல்லாக் குழாயும் மூடியிருந்தது. சமையல் தொட்டி காய்ந்து கிடந்தது, குளியல் தொட்டியும் அப்படியே. ஒரு சொட்டு ரோஸ் எங்கேயும் இல்லை. கட்டிலில் போர்வை குழந்தை படுத்த குழிவோடு இருந்தது. தொட்டாள். காய்ச்சல் சூடு இன்னும் ஆறவில்லை. கீழே ஹெட்டியின் பூட்ஸ் இருந்தது. ஹெட்டி இல்லை.

லைல் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே ஏரிப்பக்கம் ஓடினான். கார்லா அலமாரிகளைத் திறந்தாள். பூனை நுழையாத பொந்தைக்கூடத் திறந்து கைவிட்டாள். எங்கே போவாள், அய்யோ, வெறுங்காலோடு எங்கே போவாள்?

பம்பு நின்றது.

"அம்மா."

சமையல் குழாயிலிருந்து.

திருகினாள். தண்ணீர் வரவில்லை. வெதுவெதுப்பாகக் காற்று வந்தது, இருமல் மருந்து வாசனையோடு.

"அப்பா கூப்பிட்டாரு, வந்தேன். இங்க குறுகலா இருக்கும்மா. கைய மடக்க முடியல."

"கண்ணு, அப்பா வெளியிலதான் இருக்காரு!"

"இல்லம்மா. எனக்குப் பின்னாடி இருக்காரு."

லைல் திரும்பி வந்தான். அவனும் கேட்டான். ரம்பத்தை எடுத்துவந்து, தொட்டிக்கு அடியில் போகிற குழாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான்.

"அப்பா! கால் வலிக்குது!"

ரம்பம் கீழே விழுந்தது. பெரிய ஆள், தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதான்.

"அழறதுக்கு இதுவா நேரம்?" கார்லா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஹெட்டி, உன்னைச் சுத்தி என்னம்மா இருக்கு? ரோஸா?"

"ரோஸெல்லாம் அவரு குடிச்சிட்டாரு. தண்ணிதான் இருக்கு. சில்லுன்னு இருக்கும்மா."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முகாமில் மின்சாரத்தை நேற்றே நிறுத்திவிட்டார்கள். காஸ் சிலிண்டரைக் கழற்றியாயிற்று. குழாயைச் சூடேற்ற வழியில்லை. "மருந்தை ஏத்தலாமா?" என்றான் லைல். அவன் கொண்டுவந்த கேனைக் கார்லா பார்த்தாள். ஏற்றினால் குழந்தை மூழ்கிவிடுவாள். அவள் தலையசைத்தாள், வேண்டாம்.

ஆர்டெலிடம் சூடேற்றுகிற அடுப்பு கேட்க லைல் ஓடினான். சரளைக்கல் சத்தம் தூரத்தில் தேய்ந்து மறைந்தது.

கார்லா தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். குழாய் விரல் தடிமன்தான். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வாயை ஒட்டவைத்து ஊதினாள். ஜன்னல் கண்ணாடியில் வெள்ளை பூத்துக்கொண்டே வந்தது.

"பேசு கண்ணு. பேசிட்டே இரு."

"தூக்கம் வருது."

"தூங்காதே! என் தங்கமே, தூங்காதே!"

"அம்மா... இன்னொரு குழாய் இருக்காம். திறக்கட்டான்னு கேக்கறாரு."

"வேணாம்! வேணாம்னு சொல்லு!"

"நீ ஏற்கனவே சரின்னுட்டியாம்."

ஊதினாள். உள்ளங்கை எரிந்தது. மறுபடி ஊதினாள். உள்ளே சத்தமில்லை. மூச்சில்லை. குளிர் மட்டும்.

"ஹெட்டி?"

அவள் கைகளுக்குள் குழாய் மெல்ல உப்பத் தொடங்கியது.