ஜரிகைக் கீறல்

"எந்தப் புண்ணியவான் இந்த வண்டியைத் தொடச்சது?"

வெயிலில் நின்றிருந்த கறுப்பு அம்பாசிடரின் பானெட்டைக் குனிந்து பார்த்தபடி அவன் கேட்டான். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்கிறவன் போல...

"நான்தான்," என்றாள் மங்கையர்க்கரசி.

அவன் நிமிர்ந்தான். புத்தகத்துக்குள் ஒரு விரலை விட்டு மூடிப் பிடித்தபடி வாசற்படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். பெரிய கண்கள். கோபத்தில் இன்னும் பெரிதாகியிருந்தன.

"எதால தொடச்சீங்க?"

"பட்டால. சுத்தமான பட்டு. உங்க ஷெட்டுல கோணித்துணிதானே வெச்சிருப்பீங்க?"

"பட்டு சரி... பார்டரோட சேர்த்தா?"

பார்டரோடு சேர்த்துத்தான். நெசவில் பழுதாகி வெட்டிப்போட்ட துண்டு. கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இதைவிட மெத்தென்று எதுவும் இருக்காது என்றுதான் எடுத்து வந்தாள். காஞ்சிபுரத்தில் பிறந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்?

"ஜரிகைன்னா வெள்ளிக் கம்பிம்மா. அதை வட்டம் வட்டமா அழுத்தியிருக்கீங்க. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தாள். பானெட்டில் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி நூறு நூறாய் மெல்லிய வளையங்கள்... சிலந்தி வலை போல. வலைக்குப் பின்னால் அவள் முகம் மங்கலாக மாட்டிக்கொண்டிருந்தது.

அந்த அறுபத்தெட்டாம் வருஷத்தில் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் சிலர்தான். அவர்களில் ஒருவர் அவள் அப்பா, பட்டு வியாபாரி உமாபதி. மெட்ராஸ் கடைக்காரர்களை ரயிலடியிலிருந்து அழைத்து வர வாங்கிய வண்டி. அது பளபளக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சமரசம் கிடையாது. அதனால்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் பெயிண்ட் ஷெட் வைத்திருந்த ராஜகோபாலிடம் ஆள் கேட்டார். வந்தவன் தணிகாசலம். பக்கத்துக் கிராமமான தாமல்காரன், மெட்ராஸில் தொழில் பழகியவன்.

வெயிலில் பாலிஷ் போடக்கூடாது என்று வண்டியை வீட்டையொட்டிய சாயப்பட்டறைத் தகரக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனான். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

மழை என்றால் சாதாரண மழையா அது... தகரத்தின் மேல் யாரோ முத்துக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார்கள். அவள் காபி கொண்டுவந்தாள். திரும்பிப் போக மழை விடவில்லை. விட்டிருந்தாலும் போயிருக்க மாட்டாள்.

"நீங்க மட்டும் தேய்க்கலாமா? நான் தேய்ச்சா குத்தமா?"

"நான் நேரா தேய்ச்சிக்கினு போறேன், பாருங்க. வட்டமா போனா வெயில்ல காட்டிக் குடுத்துடும்."

"தறியில பாவு நூல் மாதிரியா?"

"ஆமா. ஒருக்கா நீட்டுக்கு. அப்புறம் குறுக்க."

"அது ஊடை," என்றாள். சிரித்துவிட்டாள்.

ஈரத் துணியில் வெள்ளைக் களிம்பைத் தொட்டு அவன் தேய்த்தான். துணி கறுத்தது. துடைத்தான். மறுபடி தேய்த்தான். பழைய பனியன் துணியை எடுத்து, குழந்தையின் நெற்றியைத் துடைப்பதுபோல மெதுவாக...

"என்ன புக்கு அது?"

"பனி கொட்டுற ஊர்க் கதை. தமிழ்ல மாத்திப் போட்டிருக்காங்க."

"பனியில காருக்கு என்னாவும்?"

"அங்க குதிரை வண்டிதான்."

"அப்ப எனக்கு அந்த ஊர்ல வேலை இல்ல."

அவள் குனிந்து சிரித்தாள். குனிந்த இடத்தில் பானெட் கண்ணாடியாகியிருந்தது. வலை போய்விட்டது. அவள் முகத்துக்குப் பக்கத்தில் அவன் முகம். நேருக்கு நேர் பார்க்கத் தைரியமில்லாத நான்கு கண்கள், அந்தக் கறுப்புக்குள் பார்த்துக்கொண்டன.

"இப்ப தெரியறீங்க," என்றான், மெல்ல.

வேலை முடிந்து கிளம்பும்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை. "கீறலு தானா மறையலம்மா. அது எவ்ளோ ஆழமோ அவ்ளோ பெயிண்ட்டை நான் சீவி எடுத்திருக்கேன். இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா தாங்காது. பனியன் துணி மட்டும் போடுங்க."

அவள் தலையாட்டினாள். அவன் புருவத்தில் ஒட்டியிருந்த களிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவன் வரவே இல்லை. ஏன் வருவான்? வேலைதான் முடிந்துவிட்டதே. நூலகத்துக்குப் போகிற சாக்கில் ஷெட்டைத் தாண்டி நடந்தாள். அவன் ஒரு லாரிக் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பார்த்தான்... பார்க்காதவன்போலக் குனிந்துகொண்டான். முதலாளி வீட்டுப் பெண்ணை நடுத்தெருவில் எப்படிக் கூப்பிடுவான்? அவளும் நிற்கவில்லை. நானாகப் போய்ப் பேசுவதா என்ற வீம்பு.

அவள் படித்த கதைகளில் சீமாட்டிகள் கையுறையை வேண்டுமென்றே மறந்ததுபோல் வைத்துவிட்டுப் போவார்கள். அதை எடுத்துக்கொண்டு காதலன் வருவான். மங்கையிடம் கையுறை இல்லை. ஜரிகைத் துண்டு இருந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம். கொட்டகைக்குப் போனாள். சிரிப்பு வந்தது. பானெட்டின் மேல் வட்டமாக, ஆசையாக, அழுத்தி...

அவன் வந்தான்.

"நீ போட்ட பாலிஷ் ஒரு மாசம் தாங்கலியேப்பா," என்றார் உமாபதி.

தணிகாசலம் குனிந்து விரலால் தடவினான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். எத்தனையோ நாளாய் எடுத்துவைத்திருந்த புன்னகையை அவள் அப்போது கொடுத்தாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"என் தப்புதான் ஐயா. திரும்பப் போட்டுத் தரேன்."

அவளுக்கு நெஞ்சு பூரித்தது. எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டான்... கதையில் வருகிற மாதிரியே. காபியை ஆற்றிக்கொண்டு ஓடினாள்.

அவன் திரும்பவில்லை. கை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"ஏம்மா செஞ்சீங்க?"

கையுறையைப் பற்றி இவனிடம் எப்படிச் சொல்வது? நாக்கு நுனிவரை வந்தது வெட்கத்தில் திரும்பிப் போனது.

"சும்மாதான்."

"சும்மாவா..."

அவன் கை வேகமெடுத்தது. பானெட்டின் நடுமேட்டில், பெயிண்ட் மிக மெலிந்திருந்த இடத்தில், கோபமெல்லாம் அந்தத் துணிக்குள் இறங்கியது. துடைத்தபோது கறுப்புக்கு நடுவில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு. அடிப்பூச்சு வெளியே வந்துவிட்டது.

மெட்ராஸ் கடைக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரம். உமாபதி போட்ட சத்தம் தெருவரை போனது. ராஜகோபாலுக்கு ஆள் பறந்தது. அவர் வந்து பார்த்துவிட்டு, உமாபதியின் முகத்தையும் பார்த்துவிட்டு, "இனிமே ஷெட் பக்கம் வராதடா. உன் கை பட்டா வண்டி உருப்படாது," என்றார், தெருவே கேட்க.

தணிகாசலம் கதவை மட்டும் பார்த்தான். கதவுக்குப் பின்னால் டம்ளரோடு அவள். ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அவர் போட்ட பாலிஷ் நல்லாத்தான் இருந்தது, நான்தான் கீறினேன்.' அவ்வளவுதான். ஆனால் ஏன் என்று அப்பா கேட்பாரே... நாளைக்குத் தறிக்குத் தறி பேசுவார்களே...

அவன் காத்திருந்தான். நன்றாகவே காத்திருந்தான். பிறகு துணிகளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

அடுத்த வாரம் சாயப்பட்டறையில் வேலை செய்யும் பெரியநாயகிதான் சொன்னாள். "அந்தத் தாமல் பையனை ஊர்ல எந்த ஷெட்டுலயும் சேக்கலியாம். காரைக் கெடுத்தவன்னு பேராயிடுச்சு. இப்ப நான் வரும்போது மெட்ராஸ் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தான், பாவம்."

மங்கைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டதுகூட நினைவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அவன் ஒரு தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். அந்த மரியாதைதான் அவளைச் சுட்டது.

"நான்தான் கீறினேன். நீங்க வரணும்னு... வேற வழி தெரியல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அப்பாகிட்ட சொல்லல?"

"நான் சொன்னா உங்களைப் புடிச்சிக் கேப்பாரு. நீங்களா சொல்லுவீங்கன்னு நின்னேன்." குரலில் கோபம் இல்லை. "கேலி பண்ணத்தான் கீறினீங்களோன்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம், பயந்துட்டீங்கன்னு புரிஞ்சிது."

"என்மேல உங்களுக்கு..."

"இருந்துச்சு."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. எல்லாம் முடிந்தும் இருந்தது. பஸ் வந்து நின்றது.

"இதை எங்கிட்ட எதுக்கும்மா சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். அவள் நின்ற பக்கத்து ஜன்னலோரத்தில் இடம் காலியாக இருந்தும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான்.

ராஜகோபாலின் ஷெட் நாலு கடை தள்ளித்தான். நேராக அங்கே நடந்தாள். வாசலில் அவர்கள் கார் நின்றது. பெயிண்ட் முழுவதும் உரிக்கப்பட்டு, தோலில்லாத மிருகம் போல. உள்ளே அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, புதுக் கறுப்பு எப்படி வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேலைக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"மங்கை... நீ எங்க இங்க?"

"அவர் போட்ட பாலிஷ் கெடலப்பா. நான்தான் ஜரிகைத் துண்டு வெச்சு வேணும்னே கீறினேன். அவர் பாத்ததுமே கண்டுபுடிச்சிட்டாரு. என்னைக் காட்டிக் குடுக்கல."

ராஜகோபால் தரையைப் பார்த்தார். கையில் உப்புத்தாளோடு நின்ற ஒருவன் தேய்ப்பதை நிறுத்தினான். உமாபதி மெதுவாக எழுந்தார். அவர் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

"சரி. தெரியாம செஞ்சிட்ட. வீட்டுக்குப் போம்மா."

அந்த வழி திறந்தே இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம். விளையாட்டுப் பெண் என்று ஊர் மறந்துவிடும். அவன் பேர் மட்டும் பாதி அழுக்கோடு நிற்கும்.

"தெரியாம செய்யலப்பா," என்றாள். "அவர் திரும்ப வரணும்னு செஞ்சேன். அவர்மேல எனக்கு ஆசை. அவருக்கு என்மேல இப்ப இல்ல... இருந்தாலும் எனக்கு இருக்குது."