முப்பத்தெட்டாம் நாள்

காலையில் பல் தேய்த்தவுடன் காதுக்குப் பின்னால் பதித்த குணச்சில்லு என்ற மின்கருவியை அழுத்திப் பொறாமையைக் கழுவிக்கொள்வது செவ்வாய்க் குடியேற்றத்து விஞ்ஞானிகளின் வழக்கம். நல்ல குணம் இருந்தால்தான் நல்ல அறிவியல் வரும் என்பது அங்கே சட்டம்.

தணிகாசலத்தின் சில்லு பழுதாகி ஓராண்டு ஆயிற்று. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சக விஞ்ஞானி எஸ்தரைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள், இரண்டு மடங்கு உயிர்வளி தரும் பாசியை வளர்த்துவிட்டாள். இன்னும் இரண்டு மாதத்தில் பழைய காற்று இயந்திரங்களைக் கழற்றிவிட்டு, மூவாயிரம் பேரும் அந்தப் பாசியை நம்பியே மூச்சுவிடப் போகிறார்கள். ஆய்வகமே பூரித்துப்போய்க் கைதட்டியது. அவளைச் சோதித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று அத்தனை நல்லவர்களும் நினைத்தார்கள்.

இவர் மட்டும் தன் அறையில் அதே பாசியை வளர்த்தார். அது பிழைத்துவிடக் கூடாதே என்று தினமும் வேண்டிக்கொண்டார். எஸ்தர் தன் சோதனையை முப்பது நாளோடு நிறுத்தியிருந்தாள். முப்பத்தெட்டாம் நாள் பாசி கறுத்துச் செத்தது. அவருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

கூட்டத்தில் அதைப் போட்டு உடைத்தார். எஸ்தர் முகம் கோணவில்லை. மனதார நன்றி சொன்னாள். அது அவரை இன்னும் எரித்தது.

"உங்களுக்கு மட்டும் எப்படிச் சந்தேகம் வந்துச்சு?" என்று கேட்டார் இயக்குநர் நாச்சியார்.

"பொறாமைதாம்மா. என் சில்லு பழுதாகி ஒரு வருஷமாச்சு. இவ பேரு நிலைச்சிடக் கூடாதுன்னு பார்த்தேன்."

ஆய்வகக் குழு நெளிந்தது. இப்படியொன்றைப் பாடப்புத்தகத்தில் எழுத முடியுமா? 'உண்மையின் மீது கொண்ட தன்னலமற்ற பற்று' என்று பதிவு செய்து, அவருக்கு விருதும் கொடுத்தார்கள். இப்பேர்ப்பட்ட மகான் பழுதான சில்லோடு அவதிப்படலாமா என்று அன்றே புதியதைப் பொருத்தினார்கள்.

நான்கு மாதம் கழித்து எஸ்தர் புதுப் பாசியோடு வந்தாள்.

"நாப்பது நாள் பார்த்துட்டேன் சார். நீங்களும் ஒருதடவை வளர்த்துப் பார்த்துடுங்களேன்."

தணிகாசலத்தின் நெஞ்சு அன்பால் நிறைந்திருந்தது. வயிற்றில் எந்த எரிச்சலும் இல்லை.

"உன்மேல எனக்கு நம்பிக்கை இல்லையாம்மா?" என்று சிரித்தபடி, வளர்த்துப் பார்க்காமலே ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டார்.

மறுநாள் காற்று இயந்திரங்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.