ஒரு நிமிடச் சங்கு

சங்கு அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கதவைத் திறந்ததும் உப்பும் துருவும் கலந்த வாடைதான் முகத்தில் அடித்தது. ஒரு மேசை, சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான், கடற்கரைத் தெருவைப் பார்த்த ஒரு சன்னல். இதற்காகவா விழுந்து விழுந்து படித்துப் பரீட்சை எழுதினேன் என்று நொந்துகொண்டேன்.

"ஊருக்கே சங்கு ஊதற வேலைம்மா நமக்கு," என்று சிரித்தார், பல வருடமாக அந்த அறையைப் பார்த்துவந்த சங்குக்காரர். "பொத்தானை அமுக்கிப் பிடிச்சாதான் ஊதும். விரலை எடுத்தா நின்னுடும். தானா ஊதற பெட்டி உப்புக்காத்துல கெட்டுப்போச்சு. புதுசு வரும் வரும்னு சொல்லிட்டே இருக்காங்க."

மாதம் ஒருமுறை, நண்பகலில், ஒரே ஒரு நிமிடம் ஊதினால் அது சோதனை. நிற்காமல் ஊதினால் கடல் வருகிறது, மேட்டுக்கு ஓட வேண்டும். இது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அன்றைக்குச் சோதனை நாள். நேரம் நெருங்க நெருங்க, ஒவ்வொரு வீடாகக் கதவும் சன்னலும் சாத்தப்பட்டன. சத்தத்துக்குப் பயந்து சாத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் பொத்தானை அமுக்கினார்.

வெயில் கொளுத்திய வெறுந்தெருவில் ஆட்கள் ஓடினார்கள்.

எல்லோரும் நனைந்திருந்தார்கள்.

வாயைத் திறந்து கத்தினார்கள், சத்தமே வரவில்லை. செருப்பில்லாத கால்கள் பட்ட இடமெல்லாம் தார்ச்சாலை ஈரமானது. எல்லோருக்கும் பின்னால் ஒருத்தி, இடுப்பில் பெண் குழந்தையோடு, மூச்சு வாங்க ஓடி வந்தாள். மருந்துக்கடை முக்கு வரைக்கும் வந்துவிட்டாள்.

சங்குக்காரர் விரலை எடுத்தார். தெருவில் யாரும் இல்லை.

யார் அவர்கள் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

"கடைசியா வந்தவ என் வீட்டுக்காரிம்மா," என்றார் மெதுவாக. "இடுப்புல இருக்கறது என் பொண்ணு. கடல் வந்த அன்னைக்கு இங்க சங்கே கிடையாது. எல்லாரையும் வாரிக்கிட்டுப் போனப்புறம்தான் வெச்சாங்க. இப்பத்தான் அவங்க காதுல விழுது போல."

அடுத்த மாதமும் அவள் அந்த முக்கு வரைக்கும்தான் வந்தாள். அங்கிருந்து நாலு கடை தாண்டினால் மேட்டுக்குப் போகும் படிக்கட்டு. எனக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் அமுக்குங்களேன்ணே. மேல ஏறிடுவாங்க."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? நீளமா ஊதினா உசுரோட இருக்கறவங்க பதறிக்கிட்டு ஓடுவாங்க. ஒண்ணும் வரலைன்னா, அப்புறம் நெசமாவே வர்ற அன்னைக்கு ஒருத்தனும் வீட்டை விட்டு அசைய மாட்டான்."

சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதார். பாவி மனுஷன், மாதாமாதம் தன் கையாலேயே அவர்களை நிறுத்திக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, தரை ஆடியது. மேசையிலிருந்த கண்ணாடித் தம்ளர் உருண்டு விழுந்து உடைந்தது. தொலைபேசி அலறியது. அவர் எடுத்துக் கேட்டார், பொத்தானை அமுக்கினார்.

"நீ ஓடும்மா."

"நீங்க?"

"விரலை எடுத்தா நின்னுடும்னு சொன்னேன்ல? ஓடு!"

ஓடினேன். கதவுகள் படபடவென்று திறந்தன. உயிரோடிருந்தவர்களும் நனைந்தவர்களும் ஒன்றாக ஓடினோம். மருந்துக்கடை முக்கில் அவள் என்னைத் தாண்டிப் போனாள். படியேறினாள். உச்சியில் குழந்தையை இறக்கிவிட்டு, திரும்பி, கீழே சங்கு அறையைப் பார்த்தாள். ஊரே மேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சங்கு ஊதிக்கொண்டே இருந்தது.

பிறகு நின்றது.

இப்போது சங்கு அறை மேட்டில் இருக்கிறது. தானாக ஊதும் பெட்டியும் ஒருவழியாக வந்துவிட்டது. சோதனைக்கு மட்டும் பொத்தான். முதல் சோதனையன்று நான்தான் அமுக்கினேன்.

தெருவில் கூட்டம் இல்லை.

இடிந்த பழைய அறையிலிருந்து ஒரே ஒருவர் வெளியே வந்தார். சட்டையெல்லாம் நீர் சொட்ட, மேட்டையே பார்த்தபடி ஓடி வந்தார். மருந்துக்கடை இருந்த முக்குக்கு வந்துவிட்டார்.

என் சன்னலுக்கு வெளியே உப்பு வாடை. பொட்டுப் பொட்டென்று நீர் சொட்டும் சத்தம்.

"இன்னும் கொஞ்ச நேரம் அமுக்குங்களேன் அத்தை," என்றது ஒரு குழந்தைக் குரல். "அப்பா வந்துடுவாரு."

நிமிடம் முடிந்தது. அழுதுகொண்டே விரலை எடுத்தேன்.

சன்னலடியில் இரண்டு சோடி ஈரக் கால்தடங்கள். எத்தனை வெயில் அடித்தாலும் அவை காய்வதில்லை.