பவுடரில் விழுந்த விரல்கள்

“வண்டிக்கு அடியில படுத்திருக்கிற மாமா எப்ப எழுந்திருப்பாங்க, தாத்தா?”

பின் சீட்டிலிருந்து பேத்தி கேட்டதும் வேன் முதலாளி சிரித்துவிட்டார். மெக்கானிக் சிரிக்கவில்லை, குனிந்து பார்த்தார். அடியில் யாரும் இல்லை. சிமெண்டுத் தரையில் பெட்ரோல் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அதே பழைய வேன். பல வருடம் கழித்து மெக்கானிக்கின் பட்டறைக்கே திரும்பி வந்திருந்தது. வர வர நிறையக் குடிக்கிறது, குடித்ததைக் கக்கவும் செய்கிறது என்று முதலாளி ஜோக்கடித்தார். காலையில் குடும்பத்தோடு கிளம்ப வேண்டுமாம். அன்று நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை.

அன்று இந்த வேனுக்கு அடியில் படுத்திருந்தது மெக்கானிக்கின் தம்பி. உண்மையில் அது அண்ணனின் முறை. “நீ போய்ச் சாப்பிடுண்ணே, நான் பாத்துக்கறேன்” என்று தம்பி புகுந்துகொண்டான். அவசரம் தாங்காத முதலாளி, வண்டி கியரில் இருப்பதைக்கூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி ஜாக்கிலிருந்து துள்ளித் தம்பிமேல் விழுந்தது. அவன் எழுந்திருக்கவே இல்லை. ஜாக் வைக்கத் தெரியாத பையன் என்று பிறகு ஊரெல்லாம் சொன்னார். ஊரும் நம்பியது. அன்றிலிருந்து மெக்கானிக் கண்ணை மூடினால் வருவது தம்பியின் முகம் அல்ல, முதலாளியின் முகம்.

கிளம்பும்போது அந்தக் குழந்தை, தான் கடித்த பிஸ்கட்டின் மீதியை அவருடைய கிரீஸ் கையில் வைத்துவிட்டுப் போனது. கீழே போட மனமில்லாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

ஷட்டரைப் பாதி இறக்கினார். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் இரைச்சலும் ஈரச் சிமெண்டின் வாடையும், அதையெல்லாம் மீறித் தொண்டையில் வந்து உட்காரும் பெட்ரோல் நெடியுமாக இருந்த அந்தக் கொட்டகையில், வண்டியைத் தூக்கி நாலு பக்கமும் இரும்பு முட்டுக் கொடுத்து, பேட்டரி விளக்கோடு அடியில் நகர்ந்து மல்லாந்தார். டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. நேர் கீழே சைலென்சர். அது சூடேறியபின் தீப்பிடிக்க ஒரு சொட்டு போதும், அந்த ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது. அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். அப்படியே விட்டுவிடலாம். கடவுளே கொண்டுவந்து கொடுத்தார் என்றுகூட நினைத்தார். அப்படி நினைத்தபோது வாயில் பிஸ்கட்டின் இனிப்பு இன்னும் இருந்தது.

ஸ்பானரை எடுத்தார். குழாயைப் புதிதாக மாற்றினார். இறுக்கினார். துடைத்தார்.

சொட்டியது.

மறுபடி இறுக்கினார். சொட்டியது.

கசிவு பிடிபடாதபோது அவர் ஒன்று செய்வார். எல்லாவற்றையும் உலரத் துடைத்துவிட்டு, முகப் பவுடரை மேலே ஊதுவார். ஈரம் தொடங்குகிற இடத்தில் பவுடரில் கோடு விழும். ஊதினார். காத்திருந்தார். மழை எப்போது நின்றதென்று தெரியவில்லை.

கோடு விழவில்லை. விரல்கள் விழுந்தன.

கிளிப்பைச் சுற்றி, பவுடரில் விரல் தடங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. திருகும் விரல்கள். டேங்குக்கு மேலே, எந்தக் கையும் நுழையாத இடுக்கிலிருந்து. அதில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. ஃபேன் பெல்ட்டில் அந்த விரல் போன நாளில், தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

“வேணாம்டா. குழந்தை வருதுடா இதுல.”

கிளிப் திரும்பியது. சொட்டு.

“அந்த ஆள் பண்ணதுக்கு அது என்னடா செய்யும்?”

சொட்டு. கழுத்தில். சில்லென்று.

அவனுக்கு ஓர் உயிர் வேண்டும். அது அவருக்குப் புரிந்தது. அந்த ஆளை மட்டும் பிரித்து எடுக்க அவனுக்குத் தெரியாது. கோபத்துக்குக் கண் ஏது?

“அன்னிக்கு என் முறைடா,” என்றார். “எனக்காகத்தான் நீ படுத்த.”

கையை இடுக்கில் நுழைத்தார். நுழையாத இடம். நுழைந்தது. மேலிருந்து ஒன்று அதைப் பற்றிக்கொண்டது. பழகிய பிடி. பாதி விரல்.

கிளிப் தானாக இறுகியது. ஒரு சொட்டு இல்லை. நெடியும் இல்லை.

கையை இழுத்தார். விடவில்லை.

கால்மாட்டில் இரும்பு முட்டு ஒன்று தரையைக் கீறிக்கொண்டு விலகியது. அப்புறம் இன்னொன்று.

தெருவில் யாரும் இல்லை. அவர் கூப்பிடவும் இல்லை. தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல, மெதுவாக, மிக மெதுவாக, வேன் அவர்மேல் இறங்கத் தொடங்கியது.