மாடியறையில் மிச்சமிருந்த புகை

அந்த வீட்டு வாசலில் கால் வைத்ததும் மூக்குக்காரருக்குப் புகை வாடை அடித்தது. வேறு யாருக்காவது அடித்திருந்தால் அதில் அதிசயம் இல்லை. தீப்பிடித்த வீடு, வாடை அடிக்கத்தான் செய்யும். ஆனால் மூக்குக்காரருக்கு எந்த வாசனையும் தெரியாமல் போய் வருடக்கணக்காகியிருந்தது.

அது யாருக்கும் தெரியாது, பெற்ற மகனுக்கும் தெரியாது. ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்த காலையில் காபியை வாயருகே கொண்டுபோனார். வெந்நீர் குடிப்பதுபோல் இருந்தது. சோப்பை முகர்ந்தார், பெட்ரோலில் நனைந்த துணியை முகர்ந்தார், குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கூடப் பார்த்தார். ஒன்றும் இல்லை. காய்ச்சல் பறித்துக்கொண்டதா, தொழிலில் காலமெல்லாம் சுவாசித்த மருந்துக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றதா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. மூக்குக்காரர் என்று ஊரே கூப்பிடுகிற மனிதன் எந்த டாக்டரிடம் போய், எனக்கு மூக்கு இல்லை என்று சொல்வது?

தீயும் வெள்ளமும் தின்றுவிட்டுப் போன வீடுகளைத் திரும்பக் குடியிருக்கத் தக்கதாக ஆக்கித் தருவது அந்தக் குடும்பத்தின் தொழில். கரியைத் துடைத்து, சேற்றை வழித்து, சுவரைக் கழுவி, பெயின்ட் அடித்த பிறகும் வாடை மட்டும் போகாது. சுவரின் துளைகளிலும் மரத்தின் இடுக்குகளிலும் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்குத்தான் ஓசோன் மெஷின். அறையின் ஜன்னல்களைக் கறுப்புத் தாளால் மூடி, கதவிடுக்கில் டேப் ஒட்டி, மெஷினை நடுவில் வைத்து ஓட விட்டால் அது கக்கும் காற்று இடுக்கிடுக்காகப் போய் வாடையைத் தின்றுவிடும். ஓடும்போது உள்ளே உயிருள்ளது எதுவும் இருக்கக் கூடாது. தொட்டிச் செடிகூட ஆகாது.

எல்லாம் முடிந்ததும், ஜன்னலைத் திறப்பதற்கு முன்பே குடும்பத்தில் மூத்தவர் உள்ளே போய் முகர்ந்து பார்ப்பார். ஜன்னலைத் திறந்துவிட்டால் வெளிக்காற்று மூக்கை ஏமாற்றும் என்பது அவருடைய அப்பா காலத்துக் கட்டளை. மூத்தவர் வெளியே வந்து "சுத்தம்" என்று சொன்னால்தான் வீட்டுக்காரர் கைக்குச் சாவி போகும். அந்த ஒரு சொல்தான் குடும்பத்தின் சொத்து, மரியாதை, எல்லாம். அப்பா சொன்ன சொல்லும் சரி, இவர் சொன்ன சொல்லும் சரி, ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

மூக்கு போன பிறகும் பொய்க்கவில்லை. காரணம், மருமகள். அவளுக்கு மூக்கு கூர்மை. லேசாக ஏதாவது அடித்தால்கூட அவளுடைய மேலுதடு ஒரு இழை தூக்கிக்கொள்ளும். அவளுக்கே அது தெரியாது. முகர்ந்து பார்க்கப் போகும்போது மூக்குக்காரர் அவளையும் கூட்டிக்கொண்டு போய், அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பார். உதடு தூக்கினால் "இன்னும் இருக்கு" என்பார், தூக்கவில்லையென்றால் "சுத்தம்" என்பார்.

இன்றைக்கு, மெஷின் ஓடி முடிந்த இந்த வீட்டில், அவள் உதடு தூக்கவில்லை. ஆனாலும் அவருக்கு வாடை அடித்தது.

"என்னப்பா, சாவியக் கொடுத்துரலாமா?" என்றான் மகன்.

"மாடி ரூம்ல இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு என்னைக்குடா தெரிஞ்சிருக்கு? பொறக்கும்போதே சளியோட பொறந்தவன்."

மருமகள் சிரித்துவிட்டாள். "மாமா சொன்னா இருக்கும். எனக்கும் ஒண்ணும் வரல, ஆனா மாமா மூக்குக்கு முன்னாடி நம்ம மூக்கெல்லாம் சும்மா முகத்துல ஒட்டி வச்சது."

அவருக்கு உள்ளுக்குள் பொங்கியது. மூக்கு திரும்பி வந்துவிட்டது! ஏதோ மறந்துவிட்டவர்போல் வேனுக்குப் போய், பினாயில் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். ஒன்றும் இல்லை. ஆழமாக இழுத்தார், கண்ணில் நீர் வந்தது, வாசனை வரவில்லை. பெயின்ட் டப்பா, தின்னர், தன் வியர்வைச் சட்டை, எதிலும் இல்லை. பாட்டிலை மூடிவிட்டு வீட்டின் பக்கம் திரும்பினார். வாடை அங்கேயே இருந்தது. வாசலைத் தாண்டி, படியேறி, மாடியின் கோடி அறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. உலகத்தில் அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே வாடை.

அந்த அறையைப் பற்றி அவர் அதிகம் நினைத்துப் பார்க்காமல் இருந்தார். கரி துடைக்கும் முன்பு அதன் சுவரில் ஒன்றைப் பார்த்திருந்தார். தீயில் அறை முழுக்கக் கரி படியும்போது, சுவரை ஒட்டி என்ன நிற்கிறதோ அதன் பின்னால் மட்டும் சுவர் வெளுப்பாகத் தப்பித்துவிடும். அந்த வடிவத்தை வைத்தே எங்கே எந்தச் சாமான் இருந்தது என்று சொல்லிவிடலாம். அங்கே அலமாரி நின்ற இடம் அகலமாக வெளுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வெளுப்பு. ஒடுக்கமாக, கதவு உயரத்துக்கு.

"இங்க என்ன இருந்துச்சு தம்பி?" என்று வீட்டுக்காரனைக் கேட்டார்.

அவன் நெடுநேரம் பார்த்தான். "அங்கயா? ஒண்ணும் இல்லையே ஐயா. நாங்க எல்லாரும் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். வீடே பூட்டிக் கிடந்துச்சே."

"துணி மாட்டுற ஸ்டாண்டா இருக்கும். பொண்டாட்டி வாங்கிப் போட்டது புருஷனுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது?" என்று மகன் கேலி செய்தான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கரியைக் கழுவி, வெள்ளை அடித்தார்கள். முதல் பூச்சில் அந்த இடம் மட்டும் பெயின்டைக் குடித்துக்கொண்டே இருந்தது. மூன்று பூச்சு ஆனது.

இப்போது மெஷினை மறுபடி அந்த அறையில் வைத்து ஓட விட்டார்கள். மூடிய கதவுக்கு வெளியே, மாடிப்படியின் கடைசிப் படியில் மூக்குக்காரர் உட்கார்ந்திருந்தார். உள்ளே மெஷினின் விசிறி ஒரே சுருதியில் ரீங்காரமிட்டது. நடுநடுவே சுருதி அமுங்கியது. ஓடுகிற மின்விசிறிக்கு முன்னால் யாரோ குறுக்கே நடந்துபோனால் காற்றின் ஓசை ஒரு கணம் மாறுமே, அதுபோல. அமுங்கியது, தெளிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, எதிர்த்திசையில்.

மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டார்.

மெஷின் தானாக நின்றது. வெயில் சாய்ந்திருந்தது. மருமகள் டேப்பின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி, காற்றை அளக்கும் மீட்டரைக் கதவிடுக்கில் நீட்டிப் பார்த்தாள். "இன்னும் இறங்கல மாமா. கொஞ்ச நேரம் போகட்டும். அதுக்குள்ள வீட்டுக்காரங்க வந்துட்டாலும் கீழயே உக்காத்தி வைப்போம்."

"மீட்டர் எல்லாம் நேத்துப் பொறந்தது."

"அதுக்கில்ல மாமா. இடுக்குலயே சுருக்குனு மூக்கக் குத்துதே. மெஷின் காத்து இன்னும் அப்படியே நிக்குது." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியலையா?"

அவருக்குத் தெரியவில்லை. கதவிடுக்கில் முகத்தை வைத்திருந்தவர் அவர். அவருக்குப் புகை மட்டும்தான் தெரிந்தது. அவளோ இரண்டடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

"தெரியாம என்ன? இதெல்லாம் ஒரு காரமா? எங்கப்பா இதுல தூங்கி எழுந்திரிப்பார்" என்று சொல்லி, அவள் நீட்டிய முகமூடியை ஒதுக்கிவிட்டு டேப்பைக் கிழித்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இருட்டு. கறுப்புத் தாளின் ஓரத்தில் ஒரு நூல் அளவுக்கு வெளிச்சம். தொண்டையில் முதல் மூச்சே மிளகாயைத் தேய்த்ததுபோல் இறங்கியது. கண்களில் நீர் முட்டியது. நெஞ்சுக்கூட்டை யாரோ வெளியிலிருந்து கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருந்தது. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. வாடை அவ்வளவு பலமாக இருந்தது. பழைய புகை இல்லை, ஆறிய கரி இல்லை. கொப்புளித்து உரியும் பெயின்ட், கருகும் பஞ்சு, பொசுங்கும் முடி. இந்த நிமிடம் எரிந்துகொண்டிருக்கும் ஒன்றின் வாடை, சூட்டோடு.

தொழில் பழக்கம் காலை நகர்த்தியது. தரையோரமாகக் குனிந்து முகர்ந்தார், இல்லை. ஜன்னல் பக்கம், இல்லை. அலமாரி நின்ற சுவர்ப் பக்கம் நகர்ந்தபோது வாடை முகத்துக்கு நேரே வந்தது. வலப்புறம் ஒரு அடி வைத்தார். முகத்துக்கு நேரேதான் இருந்தது. பின்னால் ஒரு அடி வைத்தார். அதுவும் வந்தது.

அப்போதுதான் கவனித்தார். வாடை தொடர்ச்சியாக வரவில்லை.

வந்தது. நின்றது. வந்தது. நின்றது.

ஒவ்வொரு தடவையும் இளஞ்சூடாக, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் வந்து மோதியது. தன் மூச்சுதான் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று நினைத்தார். மூச்சை அடக்கினார்.

வந்தது. நின்றது.

வந்தது.

"மாமா?" கதவுக்கு வெளியே மருமகளின் குரல். "ரொம்ப நேரம் ஆச்சு. வந்துருங்க."

வாடை நின்றிருந்தது. மறுபடி வரவில்லை. அவர் காத்திருந்தார். வரவில்லை. அதற்குப் பதிலாகக் கன்னத்தின் மேல் காற்று நகர்ந்தது. வெளிநோக்கி அல்ல. உள்நோக்கி. அவர் தோலிலிருந்து. மெல்ல. கழுத்துக்கு இறங்கி. காதுக்குப் பின்னால் ஏறி. நின்று. மறுபடி நீளமாக இழுத்து.

முகர்ந்து பார்த்தது.

அவர் எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மாடிக் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார், இருமினார், கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அதை உடனே மடித்துக்கொண்டார். நிமிர்ந்தபோது கீழே கூடத்தில் வீட்டுக்காரன் நின்றிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி. அவள் தோளில் ஒரு வயதுக் குழந்தை. வாசலில் பெட்டிகள்.

மகன் அதற்குள் அறைக்குள் புகுந்து தாள்களைக் கிழித்து ஜன்னல்களைத் திறந்துவிட்டான். மாலைக் காற்று வீடு முழுக்கப் பாய்ந்தது. மீட்டர் இறங்கியதும் மருமகள் உள்ளே போய், சுவர் சுவராக முகர்ந்துவிட்டு வந்தாள். "புது வீடு மாதிரி இருக்கு மாமா. ஒண்ணுமே இல்ல."

அறைக்குள் புகை கூரையை முட்டிக்கொண்டு நின்றது. அவருக்கு அப்படித்தான் வாடை அடித்தது. படியிறங்கிக் கூடத்துக்கு வந்தார்.

"ஐயா சொல்லட்டும். உங்க வாயால அந்த வார்த்தையக் கேட்டுட்டுத்தான் உள்ள போகணும்னு எங்க மாமனார் சொல்லி அனுப்பினாரு" என்றான் வீட்டுக்காரன். குழந்தை பெட்டியைக் காட்டி ஏதோ மழலையில் அதட்டியது. எல்லாரும் சிரித்தார்கள்.

"வேணாம்..." என்று ஆரம்பித்தார் மூக்குக்காரர். "இன்னும் ஒரு நாள்..."

"எதுக்குப்பா? என்ன இருக்கு?" என்றான் மகன்.

"புகை."

எல்லாரும் காற்றை இழுத்துப் பார்த்தார்கள். வீட்டுக்காரனின் மனைவி தன் கணவனைப் பார்த்தாள். மருமகள் அவர் அருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"மாமா, அந்த ரூம்ல மெஷின் காத்து அப்படிக் குத்துச்சு. உங்களுக்குத் தெரியவே இல்ல, இல்லையா? மாமா, உங்களுக்கு நெஜமாவே மூக்கு..."

அந்தக் கேள்வி முடிவதற்குள் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. அப்பாவின் முதுகும் அப்படித்தான் நிமிரும். தொண்டையைச் செருமினார். கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் பார்த்து, உரக்கச் சொன்னார்.

"சுத்தம்."

மருமகள் மீதியைக் கேட்காமல் விட்டுவிட்டாள். வீட்டுக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். மகன் சாவியைக் கொடுத்தான். பெட்டிகள் உள்ளே போயின. குழந்தை உள்ளே போனது. கதவு சாத்தப்பட்டது.

வேன் தெருவின் எதிர்ப்புறம் நின்றது. மகனும் மருமகளும் பின்பக்கம் மெஷினை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்; கயிற்றை யார் சரியாக முடிச்சுப் போடவில்லை என்று சண்டை. மூக்குக்காரர் முன் கதவில் கையை வைத்தபடி நின்றார். மூக்கில் ஒன்றும் இல்லை. புகையும் இல்லை. தெருவுக்கு அது வரவில்லை. அது வீட்டோடு நின்றுவிட்டது. அந்த நிம்மதி அவருக்கே வெட்கமாக இருந்தது.

மாடியின் கோடி அறையில் விளக்கு எரிந்தது.

ஜன்னலில் வீட்டுக்காரனும் மனைவியும் வந்து நின்றார்கள். அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பி மறுபடி கும்பிட்டான். அவள் இரண்டு கைகளையும் ஜன்னல் விளிம்பில் ஊன்றி, முகம் மலர்ந்து தெருவைப் பார்த்தாள்.

அவர்களுக்கு நடுவில், அவர்கள் தோளுக்கும் மேலே, குழந்தை இருந்தது.

சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. முதுகைச் சாய்த்து. ஒரு கன்னத்தை எதன் மீதோ அழுத்தி. மேலும் கீழுமாக மெல்ல அசைந்தது. தாலாட்டுகிற அசைவு. குழந்தையின் உச்சந்தலை முடி உள்நோக்கி இழுபட்டது. தணிந்தது. இழுபட்டது. தணிந்தது.

"அப்பா, கும்பிடுறாங்க பாருங்க. கைய அசைங்க" என்றான் மகன், கயிற்றிலிருந்து தலையைத் தூக்காமல்.

மருமகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்குக்காரர் கையை உயர்த்தி அசைத்தார்.