நான்காவது வரிசை

பயண அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. படிக்கட்டில் ஈரச் சுண்ணாம்பின் வாடை அடித்தது. சுவர் நெடுக ஒட்டியிருந்த கடற்கரைப் படங்கள் வெளுத்துப்போய், அவற்றின் நீலம் முழுவதும் சாம்பலாகியிருந்தது. காலை பத்து மணிக்கு அட்டவணைக்காரர் தம் மனைவியோடும் சின்ன மகளோடும் அந்தப் படிகளில் ஏறினார்.

அட்டவணைக்காரர் என்பது பேருந்துப் பணிமனையில் அவருக்கு வைத்த பெயர். எந்த வண்டியை எந்த ஓட்டுநர் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதி ஒட்டுவதே இருபத்திரண்டு ஆண்டுகளாக அவருடைய வேலை. அந்த வேலைக்கு ஒரே விதிதான் உண்டு: கட்டம் காலியாக இருக்கக் கூடாது. காலிக் கட்டம் என்றால் அந்த வண்டிக்கு ஆள் இல்லை என்று பொருள். ஓட்டுநர் விடுப்பில் போனாலும், வேலையை விட்டே போனாலும், ஏன், உலகத்தை விட்டே போனாலும், மாற்று ஆள் வரும்வரை பழைய பெயரை அவர் அழிக்க மாட்டார். "நாங்க செத்தாலும் லீவு கிடையாதுப்பா, மறுநாளும் ட்யூட்டி போட்டுடுவாரு" என்று ஓட்டுநர்கள் அவர் காதுபடவே கேலி செய்வார்கள்.

அவருடைய பெரிய மகள் அச்சில் வார்த்தெடுத்தாற்போல் அப்பாவைக் கொண்டவள். பதினாறு வயதில், குடும்பத்தோடு ஒரு வாரம் தீவுகளுக்குப் போய் ஓய்வெடுக்க வேண்டும் என்று அவள்தான் திட்டம் போட்டாள். தீவுக் கூட்டத்தில் ஏழு தீவுகள், ஏழு நாட்கள். பெரிய தாளொன்றில் கட்டங்கள் வரைந்து கூடத்துச் சுவரில் ஒட்டினாள். மேலே தீவுகள், இடப்பக்கம் நால்வர் பெயர்கள். அப்பாவின் கட்டத்தில் "பாறை மேல் உட்கார்ந்து ஒன்றும் செய்யாதிருத்தல், கைக்கடிகாரத்துக்குத் தடை" என்று எழுதினாள். அம்மாவின் கட்டத்தில் "தூக்கம், எழுப்புபவர் கடலில் வீசப்படுவார்." தனக்கும் தங்கைக்கும் கிளிஞ்சல் பொறுக்கும் வேலை.

புறப்படப் பதினெட்டு நாள் இருக்கையில் அவளுக்கு இருமல் வந்தது. நெஞ்சில் தைலம் தடவினார்கள். பிறகு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பதினோராம் நாள் இருமல் நின்றது. நின்றது இருமல் மட்டுமன்று.

அன்றிலிருந்து பதினொரு மாதங்களாகச் சின்னவள் வாய் திறக்கவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை. பேச்சு முதலில் போயிற்று. சாப்பாடும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஏறாத மருத்துவமனை இல்லை. கடைசியாகப் பார்த்த மருத்துவர் மருந்துச் சீட்டில் "கடல், ஒரு வாரம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இதற்கும் தேறாவிட்டால் குழாய் வழியாகத்தான் உணவு கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

ஆகையால்தான் இப்போது இந்தப் படிக்கட்டு.

படிவத்தில் பயணிகளுக்கென நான்கு வரிசைகள் இருந்தன. அட்டவணைக்காரர் மூன்றை நிரப்பினார். நான்காவது வரிசை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு கோடு கிழித்தால் போதும் என்பது அவருக்குத் தெரியாததன்று. மனைவி ஜன்னலோரம் நின்று குழந்தைக்குப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய பேனா நான்காவது வரிசையில் இறங்கிப் பெரியவளின் பெயரை எழுதியது. வயது பதினாறு என்றும் எழுதியது. அலுவலகத்துப் பெண் சரிபார்க்காமலே முத்திரை குத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. மறுநாள் தொலைபேசியில் அழைத்து, மூன்று பேர் என்று திருத்தச் சொன்னார். திருத்திவிட்டேன் என்றாள் அந்தப் பெண். நான்கு நாள் கழித்துச் சீட்டுகள் வந்தன.

நான்கு சீட்டுகள்.

ஒரு எண்ணைத் திருத்தத் தெரியாதவர்கள் எதற்கு அலுவலகம் நடத்துகிறார்கள் என்று சினந்து மீண்டும் அழைத்தார். மறுமுனையில் அந்தப் பெண் சற்றும் தடுமாறவில்லை.

"நேத்து உங்க பொண்ணு போன் பண்ணி, திரும்ப நாலாக்கச் சொன்னாங்களே சார்."

"என் பொண்ணு பேசவே மாட்டாம்மா."

"நல்லாத்தானே பேசினாங்க. நடுநடுவுலதான் ஒரே இருமல். தண்ணி குடிச்சிட்டுப் பேசும்மான்னு நான்தான் சொன்னேன்."

அவர் தொலைபேசியை வைத்தார். கூடத்தில் தைல வாடை அடித்தது. அந்த வீட்டில் பதினொரு மாதமாகத் தைலப் புட்டியே கிடையாது. சுவரில் பெரியவளின் அட்டவணை இன்னும் ஒட்டியிருந்த இடத்துக்குக் கீழே, தரையில், ஒரு கைப்பிடி மணல் கிடந்தது. குனிந்து தொட்டார்.

ஈரமாக இருந்தது.

போக வேண்டாம் என்று மனைவியிடம் சொல்ல உள்ளே போனார். அங்கே சின்னவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு சீப்பு, இரண்டு துண்டு, இரண்டு தொப்பி. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"ஜன்னல் பக்கம் அக்காவுக்கு" என்றாள்.

பதினொரு மாதங்களில் அவள் பேசிய முதல் சொற்கள். மனைவி கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுக் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று சின்னவள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவர் எந்த வாயால் போக வேண்டாம் என்பார்? சீட்டையும் மணலையும் தொலைபேசிப் பேச்சையும் பற்றி மனைவியிடம் தணிந்த குரலில் சொல்லிப் பார்த்தார். அவள் அஞ்சவில்லை. சொல்வதற்கு முன்பே எல்லாம் தெரிந்தவள்போல் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர்கள் புறப்பட்டார்கள்.

தீவுகளுக்கிடையே அவர்களை ஏற்றிச் செல்ல ஒரு சிறிய விசைப்படகு இருந்தது. படகுக்காரர் பேச்சுக்குப் பேச்சு சிரிப்பவர். ஆனால் வேலையில் கறார். ஒவ்வொரு தீவிலிருந்தும் புறப்படும்போது, பலகையில் செருகிய பயணிகள் தாளை ஒரு முறை பார்ப்பார். பிறகு ஒவ்வொருவர் தலையிலும் உள்ளங்கையை வைத்து எண்ணுவார். தாளில் உள்ள எண்ணும் தலைகளின் எண்ணும் ஒத்துவராமல் இயந்திரத்தை முடுக்க மாட்டார். முன்பொரு முறை யாரையோ ஒரு தீவில் விட்டுவிட்டு வந்தாராம். அதற்குப் பின் வந்த வழக்கம்.

முதல் தீவில், நடுப்பகல் வெயிலில், அவர் எண்ணத் தொடங்கினார். அட்டவணைக்காரரின் தலையில் கை வைத்தார். ஒண்ணு. மனைவி, ரெண்டு. சின்னவள், மூணு. பிறகு கை சின்னவளுக்கு அருகில் இருந்த வெற்றிடத்துக்குப் போயிற்று. சின்னவளின் தலையைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"நாலு. கிளம்பலாம்."

கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். துடைத்த இடம் நனைந்தது.

"பெரிய பொண்ணைத் தலை துவட்டச் சொல்லுங்க சார். சளி பிடிச்சிக்கப் போகுது."

அட்டவணைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது துக்கமன்று.

இரண்டாம் தீவில் சின்னவள் கன்னத்தில் நிறம் ஏறியது. ஓடினாள், சிரித்தாள், கரையில் யாருக்கோ விட்டுக்கொடுத்து விளையாடினாள். மணலில் அவள் காலடித் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம் ஈரமாகத் தொடர்ந்து வந்தது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் மாலையில் சின்னவள் இருமினாள். வறண்ட, அடிவயிற்றிலிருந்து வரும் இருமல். அவர் அந்த இருமலைப் பதினொரு நாட்கள் கேட்டவர்.

"அப்பா, அக்கா என்னை இங்கேயே இருந்துடலாம்னு கூப்பிடறா" என்றாள் சின்னவள், மடியில் படுத்துக்கொண்டு.

மூன்றாம் தீவில் அவர் முடிவெடுத்தார். படகுக்காரர் கயிற்றைச் சுருட்டப் போயிருந்தார். சின்னவள் கரையின் மறுகோடியில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அட்டவணைக்காரர் பலகையிலிருந்து தாளை உருவி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மனைவி அவர் கையைப் பிடித்தாள். "என்னங்க பண்றீங்க?"

"மூணு பேர்தான் வந்தோம். மூணு பேர்தான் இருக்கோம்."

"ஒரு வாரந்தானேங்க. இருந்துட்டுப் போகட்டுமே. அவ போட்ட திட்டம்ங்க இது."

"இன்னொண்ணையும் கொடுக்கச் சொல்றியா?"

அவள் கையை எடுத்துவிட்டாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக, மாற்று ஆள் இல்லாமல், அவர் ஒரு பெயரை அடித்தார். நான்காவது வரிசையில் கோடு அழுத்தமாக விழுந்தது. தாளின் அடியில் நான்கு என்பதையும் மூன்று என்று திருத்தினார்.

சற்று நேரத்தில் குழந்தை வந்து ஏறினாள். வெயிலுக்காகத் துண்டைத் தலையோடு போர்த்தியிருந்தாள். படகின் முனையில், அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். படகுக்காரர் தாளைப் பார்த்தார், தலைகளைத் தொட்டார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. சரி."

அட்டவணைக்காரர் பல நாட்களுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். இயந்திரம் உறுமியது. தீவு பின்னால் சிறுத்துக்கொண்டே போயிற்று. கண்ணைக் குத்தும் வெயில். தண்ணீர் படகின் வயிற்றில் அறையும் ஓசை. உப்புக் காற்று.

உப்புக் காற்றோடு, தைலம்.

துண்டுக்குள்ளிருந்து இருமல் வந்தது.

அவர் குழந்தையின் கால்களைப் பார்த்தார். பலகையில் உட்கார்ந்தால் சின்னவளின் கால்கள் அந்தரத்தில் ஆடும்.

இந்தக் கால்கள் தரையைத் தொட்டன.

அவர் திரும்பிக் கரையைப் பார்த்தார். வெகுதூரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு சிறிய உருவம் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு படகை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது.

படகைத் திருப்பச் சொல்லிக் கத்தினார். படகுக்காரர் தாளைக் காட்டினார்.

"மூணு பேரும் சரியா இருக்காங்களே சார். யாரை விட்டுட்டோம்?"

"என் பொண்ணு அங்க நிக்கறா."

"பொண்ணு இதோ உக்காந்திருக்கு."

மனைவி குழந்தையின் பெயரைச் சொல்லி அலறினாள். சுக்கானைப் பிடுங்கப் பாய்ந்த அட்டவணைக்காரரைப் படகுக்காரர் ஒரு கையால் தள்ளிவிட்டார். கரையில் அந்த உருவத்துக்குத் தண்ணீர் மார்பு வரை வந்துவிட்டது. அட்டவணைக்காரர் தாளைப் பிடுங்கினார். தாம் அடித்த கோட்டுக்கு மேலேயே பெரியவளின் பெயரை எழுதினார். வயது பதினாறு என்று எழுதினார். மூன்று என்பதை அடித்து நான்கு என்று போட்டார். வாழ்நாளில் அவ்வளவு மோசமான கையெழுத்தில் அவர் எதையும் எழுதியதில்லை.

படகுக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். படகைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"ஐயோ, ஒரு ஆள் குறையுது" என்றார். படகைச் சுழற்றித் திருப்பினார்.

அட்டவணைக்காரர் கரை வரும்வரை காத்திருக்கவில்லை. குதித்தார். கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து சின்னவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் உடம்பு வெடவெடத்தது. காதருகில் வாய் வைத்துச் சொன்னாள்.

"படகுல இடம் இல்லன்னு அக்கா சொன்னாப்பா. நீங்கதான் அவ பேரை அழிச்சீங்களாம்."

அவளைத் தோளோடு இறுக்கிக்கொண்டு படகுக்குத் திரும்பினார். படகில் ஏறியபோது முனையில் துண்டு மட்டும் சொட்டச் சொட்டக் கிடந்தது. படகுக்காரர் எண்ணினார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. நான்கு சரியாக இருந்தது.

மீதமிருந்த நாட்களை அட்டவணையில் எழுதியிருந்தபடியே கழித்தார்கள். மனைவி தூங்கினாள், யாரும் எழுப்பவில்லை. அட்டவணைக்காரர் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பாறை மேல் உட்கார்ந்து, எதுவும் செய்யாமல், அழுதார். தினமும் மாலையில் வெற்றிடத்தைப் பார்த்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "தங்கச்சியை விட்டுடும்மா." ஏழாம் நாள் சின்னவளின் இருமல் நின்றது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. கதவைத் திறப்பதற்குள் இரண்டு முறை பசிக்கிறது என்றாள்.

அட்டவணைக்காரர் பெட்டிகளைக் கூடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

சுவரில் பழைய தாள் இல்லை. அங்கே ஒரு புதிய தாள் ஒட்டியிருந்தது. பெரியவளின் கையெழுத்து, ஒரு பிழையில்லை. அடுத்த ஆண்டின் தேதிகள். அதே ஏழு தீவுகள், அதே நான்கு வரிசைகள். அம்மாவுக்குத் தூக்கம். அக்காவுக்கும் தங்கைக்கும் கிளிஞ்சல்.

முதல் வரிசையில் பெயர் இல்லை. ஏழு கட்டங்களிலும் ஒரு சொல் இல்லை. அழித்த தடமும் இல்லை.

காலிக் கட்டத்தைக் கண்டால் அவர் கை சும்மா இராது. மேசையிலிருந்து பென்சிலை எடுத்து, முதல் வரிசையில் தம் பெயரை எழுதினார். எழுத்து விழவில்லை. முனை மழுங்கிவிட்டதோ என்று தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார், கறுப்பாக எழுதியது. மனைவியின் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார், விழுந்தது. மீண்டும் முதல் வரிசைக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினார்.

உள்ளறையில் சின்னவள் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பென்சில் முனை ஒடிந்து கீழே, ஈர மணலில் விழுந்தது.

ஏழு கட்டங்களும் வெள்ளையாகவே இருந்தன.