பக்கத்து சீட்டில் ஒருவன்

போன் அலறியது!

வஞ்சியூர் கோர்ட் வராந்தாவில் நின்றிருந்த வெங்கிடேஷ் எடுத்தான்.

"சாரே… பொண்டாட்டி ஃப்ளைட்ல ஏறியாச்சு, கேட்டோ?"

"யாரு பேசறது?"

"எதிர்த்தாப்ல பாரு."

பார்த்தான்.

வராந்தாவின் மறுகோடியில் விபின். கொலை வழக்கில் கைதாகி ஜாமீனில் வெளியே வந்தவன். காதில் போன்… உதட்டில் சிரிப்பு.

சாலை பஜாரில் அரிசிக் கடை பூதலிங்கத்தை அவன் குத்தியதை நேரில் பார்த்த ஒரே சாட்சி, அந்தக் கடையில் கணக்கு எழுதும் வெங்கிடேஷ்!

"கண்ணூர்ல இருந்து இங்க வர்ற விமானம் மேல பொங்கியாச்சு. ராஜஸ்ரீக்குப் பக்கத்து சீட்டு நம்ம ஆளு. இறங்கினதும் என்னை போன்ல விளிப்பான். வீட்டுக்கு விட்டுடுன்னு சொல்லணுமா… வேற ஏதாவது சொல்லணுமா? கூண்டுல நீ பேசறதைப் பொறுத்துதான்!"

"வேண்டாம்… அவ மூணு மாசம் முழுகாம இருக்கா…"

"அப்ப சூட்சிச்சு, பார்த்துப் பேசு. போலீஸ் பக்கம் திரும்பினாலே நான் பார்த்துடுவேன்!"

துண்டித்தான்.

ராஜஸ்ரீயை அழைத்தான் வெங்கிடேஷ்.

ஸ்விட்ச் ஆஃப்!

'ராத்திரி பூரா ரயில்ல குலுங்கிண்டு வர வேண்டாம். ஃப்ளைட்னா ஒரு மணி நேரம் சொச்சம்… கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடலாம்.'

நேற்று அவன்தான் சொன்னான். அவன்தான் டிக்கெட் போட்டான்!

அந்த ஒரு மணி நேரம் இப்போது யுகமாய் நீண்டது. கூப்பிட வழியில்லை. எச்சரிக்க வழியில்லை. மேகத்துக்கு மேலே கொலைகாரனின் ஆளோடு தோளுரச உட்கார்ந்திருக்கிறாள்… ஒன்றும் தெரியாமல்!

"வெங்கிடேஷ்… வெங்கிடேஷ்… வெங்கிடேஷ்!"

டவாலி கூவினான்.

கூண்டில் ஏறினான். எதிரே முதல் வரிசையில் பொன்னம்மை. பூதலிங்கத்தின் மனைவி. அவனையே நம்பி வந்தவள்.

அரசு வக்கீல் கேட்டார். "குத்தினது இவர்தானே?"

வெங்கிடேஷ் ஏறிட்டுப் பார்த்தான். விபின் தன் கைக்கடிகாரத்தை மெல்லத் தடவினான்.

"இல்ல… இவர் இல்ல."

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது!

"ஐயோ! சாமி… நீங்களுமா?" பொன்னம்மை தலையில் அடித்துக்கொண்டு சரிந்தாள். வழக்கை விசாரித்த எஸ்.ஐ. ஷெமி பல்லைக் கடித்தாள்.

கூண்டை விட்டு இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்கு வந்தான். செத்த பிணம் நடப்பது மாதிரி.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.

ராஜஸ்ரீ!

"ஏன்னா… கோச்சுக்காதேங்கோ. நான் கண்ணூர்லயேதான் இருக்கேன்!"

"எ… என்ன?"

"கதவு சாத்தற நேரத்துல ஒரே வாந்தி, மயக்கம். இறக்கி விட்டுட்டா. ஏர்போர்ட் டாக்டர் இப்பதான் ட்ரிப்ஸைக் கழட்டினார், உடனே போனை ஆன் பண்ணினேன். குழந்தைக்கு ஒண்ணுமில்லையாம். அக்காவும் வந்துட்டா."

"பக்கத்து சீட்டுக்காரன்…?"

"அவனா? என்னை இறக்கறச்சே பதறிண்டு போனை எடுத்தான். ஏர்ஹோஸ்டஸ் விடலையே! ஆஃப் பண்ண வெச்சுட்டுத்தான் நகர்ந்தா."

மறு விநாடி… வெங்கிடேஷ் கோர்ட்டுக்குள் பாய்ந்தான்!

"யுவர் ஆனர்! நான் சொன்னது பொய்! குத்தினது இவன்தான்! என் ஆத்துக்காரியை வெச்சு மிரட்டினான்!"

விபின் எழுந்தான். "உன் பொண்டாட்டி…"

"கண்ணூர்ல அவ அக்காவோட இருக்காடா!"

விபினின் முகம் வெளுத்தது. கை சட்டைப்பைக்குப் போனது. அதற்குள் ஷெமி பாய்ந்து போனைப் பறித்தாள். நீதிபதி ஜாமீனை ரத்து செய்தார். பொன்னம்மை கைகூப்பி அழுதாள்.

விமானத்தில் இருக்கும் ஆளைப் பற்றி வெங்கிடேஷ் சொல்லி முடிக்க, விபினுக்கு விலங்கு ஏறியதும் ஷெமி அந்தப் போனை ஆட்டிக் காட்டினாள்.

"விபினே… உன் ஆளு இப்ப மேல ஒரு காலி சீட்டுக்குக் காவல் இருக்கான். பாவம், இறங்கி விளிக்கட்டும்… 'யாத்ரை சுகமாயிருந்நோ'ன்னு நானே கேட்டுக்கறேன்!"